மண்ணுக்கு முதுகு காட்டாதவர்

அவர் டீக்கடைக்கு வந்தால் முதல் வேலையாக பெஞ்சைத் திருப்பிப் போடுவார். அதுவரை ரோட்டைப் பார்த்திருந்த பெஞ்சு, அவர் வந்ததும் மலையைப் பார்க்கும். கடைக்குப் பின்னால் இரண்டாள் உயரத்துக்குச் செம்மண்ணைச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தார்கள். அதற்கு எதிரே உட்கார்ந்துதான் டீ குடிப்பார்.

"பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கெல்லாம் முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கறீங்களே, நல்லாவா இருக்குது?" என்று கடைக்காரம்மா கேட்பார்.

"வெயிலு கண்ணுல அடிக்குதுங்க" என்பார் அவர். மேகம் இறங்கி எதிரே நிற்கும் ஆள் தெரியாத நாளிலும் அதே பதில்தான்.

நான் கொல்லிமலைக்கு மண்சரிவு ஆராய்ச்சிக்காகப் போயிருந்த காலம் அது. சேலத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். மலையில் எங்கெங்கே மண் சரிந்திருக்கிறது என்று தேடிப் பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலையும் செயற்கைக்கோள் படங்களையும் கணினிக்குக் கொடுத்துப் பழக்கினால், இனி எங்கே சரியக்கூடும் என்று அது ஒரு வரைபடம் போட்டுத் தரும். சிவப்பு அபாயம், மஞ்சள் நடுத்தரம், பச்சை கவலையில்லை. பழைய சரிவுகளைத் தேடி இரண்டு நாள் அலைந்து, கால் வீங்கி உட்கார்ந்திருந்தபோது கடைக்காரம்மாதான் வழி சொன்னார்.

"அந்த பெஞ்சத் திருப்பிப் போடற ஜேசிபிக்காரரக் கேளுங்க அம்மணி. மண்ணு எங்க உழுந்தாலும் அள்ளிப் போட அவரத்தான் கூப்புடுவாங்க. மண்ண எங்க வெட்டுனாலும் அவரத்தான் கூப்புடுவாங்க."

ஐம்பதை ஒட்டிய வயது. முள்ளுக்குறிச்சிப் பக்கத்து ஆள். யாரோ ஒரு காண்ட்ராக்டருடைய வண்டியை ஓட்டிக்கொண்டு மலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். மெலிந்த உடம்பு, காக்கிச் சட்டை, தோளில் துண்டு. மலையில் எல்லோரும் செருப்போ வெறுங்காலோதான். அவர் மட்டும் நாடா இறுக்கிக் கட்டிய ஷூ போட்டிருப்பார். ஏன் என்று கேட்டேன். "ஓடோணும்னா செருப்பு ஆவாதுங்க" என்றார். எதற்கு ஓட வேண்டும் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வேலை இல்லாத நாட்களில் தன் பழைய பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். பைல் நாடு, தேவனூர் நாடு, இன்னும் பெயர் தெரியாத கிளைப் பாதைகள். ரோட்டைப் பார்த்து ஓட்டியதைவிட மேட்டைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அந்தப் பக்கம் அவர் திரும்பவே மாட்டார்.

"பள்ளத்துல நாமளாப் போயி உழுந்தாத்தாங்க. மேடு அப்படி இல்லீங்க. அது நம்மளத் தேடி வரும்."

நான் வைத்திருந்த படிவத்தில் ஒவ்வொரு சரிவுக்கும் நீளம், அகலம், மண்வகை, காரணம் எல்லாம் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் நான் எல்லாவற்றுக்கும் 'கனமழை' என்றே எழுதிக்கொண்டு வந்தேன். ஒருநாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர் கேட்டார்:

"மழ எல்லாப் பக்கமுந்தானுங்க பேஞ்சுது. அந்தப் பக்கத்து மேடு நிக்குது, இது மட்டும் ஏன் வந்துச்சு?"

நான் மண்வகை, பாறையின் சிதைவு என்று ஏதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நான் வெட்டுனதுங்க. அது நான் வெட்டாதது" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. ஊர்ப்பெயர் சொல்வதுபோலச் சொன்னார்.

அவரிடம்தான் நான் பாடத்தில் படித்ததைக் கண்ணால் பார்த்தேன். "மண்ணுக்குன்னு ஒரு சாய்வு இருக்குதுங்க. அதுல படுத்துக் கெடந்தா அது பாட்டுக்குக் கெடக்கும். நாம போயி எழுப்பி நிக்க வெச்சுட்டு வந்தர்றோம். எத்தன நாளைக்கு நிக்கும்? கால் வலிக்காதுங்களா?"

"தெரிஞ்சே ஏன் வெட்டறீங்க?" என்று கேட்டேன்.

"நான் வெட்டலீன்னா இன்னொருத்தன் இன்னும் மோசமா வெட்டுவானுங்க." சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று, "எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க இல்லீங்களா?" என்றார்.

அந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு மத்தியானம். ரோட்டோரம் வெட்டிய மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எதிர்ப்பக்கம் நின்று, "எந்திரிச்சு வாங்க அம்மணி" என்றார். ஒரு நிமிஷம் என்றேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை பாய்ந்து வந்து என் பையைப் பிடுங்கி ரோட்டுக்கு நடுவே வீசினார். கேமராவின் கண்ணாடி உடைந்து போயிற்று. நான் கோபத்தில் எழுந்து வந்தேன். ஒன்றும் விழவில்லை. ஒரு பொட்டு மண்கூட உதிரவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார். "இத வெட்டுன அன்னிக்கு எனக்குக் காய்ச்சலுங்க. சீக்கிரம் முடிச்சுட்டுப் போலாம்னு வெட்டுனேன்."

சாப்பிட உட்கார்வது, வண்டியை நிறுத்துவது, படுப்பது எல்லாம் அவர் வெட்டாத இடமாகப் பார்த்துத்தான். நல்ல வாடகை வீடுகள் இருந்தும் பஸ் திரும்பும் சமதரையில் ஒரு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார். அந்த மலையிலேயே அவர் ஒருவர்தான் நிம்மதியாகத் தூங்கினார் என்று நினைத்திருந்தேன். தூங்குவதே இல்லை என்று பிறகு அவர் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

வரைபடம் தயாரான அன்று டீக்கடையில் மடிக்கணினியைத் திறந்து அவருக்குத்தான் முதலில் காட்டினேன். குழந்தை மாதிரி பார்த்தார். திரையைத் தொடாமல் விரலை மேலேயே வைத்து ஊர் ஊராகத் தேடினார்.

"தேவனூர் நாட்டுல அந்த மொளகுத் தோட்டக்காரரு ஊடு எங்கீங்க?"

காட்டினேன்.

"பச்சையா இருக்குதுங்க."

"ஆமாண்ணா. அங்க சாய்வு கம்மி. மேலே நெறைய மரம் இருக்கு. பழைய சரிவும் எதுவும் இல்ல. கவலையில்லாத இடம்."

அவர் மீதி டீயைக் குடிக்கவில்லை. "வாங்க, போயிப் பாத்துட்டு வரலாம்" என்று எழுந்தார்.

ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய காங்கிரீட் வீடு. புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டுக்குப் பின்னால் மலையை இருபதடி உயரத்துக்கு வெட்டிச் சமன் செய்து, வெட்டின முகத்தில் கல்லும் சிமெண்டும் வைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தச் சுவரை நான் அண்ணாந்து பார்த்தேன். என் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் ஒரு சின்ன வயல் அளவு. அந்த வயலுக்குள் இருபதடி வெட்டு ஒன்று இருந்தால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. அதன் கண்ணில் அங்கே இருந்தது ஒரு மெதுவான சாய்வும் மரங்களும்தான்.

வீட்டுக்காரம்மா வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் டீயும் கொண்டு வந்தார். "அண்ணன் எப்பவும் உள்ள வரமாட்டாருங்க. வாசல்லயே நின்னு குடிச்சுட்டுப் போயிருவாரு" என்று சிரித்தார். வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்: "மேடம், எங்க ஊடு உங்க படத்துல எப்படீங்க?"

பச்சை என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. நான் அதோடு ஒரு 'ஆனால்' சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

திரும்பும் வழியில் பைக்கை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"வெட்டும்போது ஒரு ஊத்து வந்துச்சுங்க. கை மொத்தத்துக்குத் தண்ணி. அடுப்பங்கரைச் செவுரு ஓதம் அடிக்கும், அடைச்சுருங்கன்னு ஊட்டுக்காரரு சொன்னாரு. களிமண்ண வெச்சு அடைச்சு, வண்டி பக்கெட்டால அமுக்கி, மேல செவுரக் கட்டியாச்சு. தண்ணி வெளிய வர ஒரு ஓட்டகூட வைக்கலீங்க. அந்தத் தண்ணி இப்ப எங்க போவுது?"

மேலே செம்மண், அடியில் பாறை, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். வழி அடைபட்டால் தண்ணீர் ஏறும், மண்ணைப் பாறையிலிருந்து தூக்கிவிடும். தேர்வில் பத்து மார்க் கேள்வி அது.

"நீங்க சொல்லுங்க அம்மணி. நான் சொன்னா, வெட்டுனவனே பயங்காட்டறான்னு சொல்லுவாங்க. நீங்க படிச்சவங்க."

என் வழிகாட்டியான பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். ஒரு டிரைவர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து வரைபடத்தை மாற்ற முடியாது, அடுத்த வருஷம் கருவி வைத்து நீர்மட்டம் அளந்து பார்க்கலாம் என்றார். அவர் சொன்னது முறைதான். எனக்கும் ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும் அவசரம். ஜேசிபிக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும், "ஆளுங்க வந்து பாப்பாங்கண்ணா" என்றேன்.

"மழைக்கு முன்னாடி வருவாங்களா?"

"வருவாங்க."

யாரும் வரவில்லை. மழைதான் வந்தது.

ஐப்பசி பிறந்து, புயல் சின்னம் ஒன்று கடலில் நின்றுகொண்டே இருந்தது. மலையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சேலத்தில் நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய போன்.

"செவுத்துக்கு மேல தரை வாயத் தொறந்திருக்குதுங்க. கை நொழையுது. இவங்க ஊட்ட விட்டு வர மாட்டேங்கறாங்க. நீங்க பேசுங்க."

போன் கை மாறியது. வீட்டுக்காரரின் குரல். "ஏனுங்க மேடம், பச்சைன்னுதானே சொன்னீங்க? இவரு புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுங்கறாரு. நெசமாலுமே போகோணுமா?"

என்னிடம் அளவு ஒன்றும் இல்லை. ஆதாரம் இல்லை. மழையின் இரைச்சல் போனுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. போங்கள் என்று நான் அலறியிருக்கலாம். "ஒரு பாதுகாப்புக்கு... ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துல இருந்துக்கோங்க" என்றுதான் வாயில் வந்தது. அந்த அரைகுறைச் சொல்லுக்கே அவர்கள் கிளம்பினார்கள். நல்லவேளை.

ஜேசிபிக்காரர் கிளம்பவில்லை. காண்ட்ராக்டரைக் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். தடுப்புச் சுவரின் அடியில், ஊற்றை அடைத்த இடத்தில், பக்கெட் பல்லால் குத்தி ஓட்டை போட்டார். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்த வீட்டுக்காரம்மா எனக்குப் பின்னாளில் சொன்னார்: முதலில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்ததாம், செந்நிறத்தில், ஆளைத் தள்ளும் வேகத்தில். வண்டி பின்னாலேயே நகர்ந்து வந்ததாம். பிறகு சுவரின் நடுப்பகுதி வயிறு மாதிரி புடைத்ததாம். சத்தமே இல்லையாம். மேலே நின்ற சவுக்கு மரங்கள் நின்ற வாக்கிலேயே கீழே இறங்கி வந்தனவாம். மண் வீட்டை அப்படியே தள்ளிக்கொண்டு போய் மிளகுத் தோட்டத்தில் போட்டது. பட்டியில் கட்டியிருந்த ஆடுகள் மண்ணுக்குள் போயின. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. வண்டியின் முன்பாதி புதைந்தது. அவர் கதவை உதைத்துக்கொண்டு வெளியே வந்தாராம்.

சாயங்காலத்துக்குள் ஊர்ப்பேச்சு மாறிவிட்டது. மலை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது, குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு இவர் சுவரை இடித்தார், அதனால்தான் சரிந்தது. காண்ட்ராக்டரும் வண்டியைத் திருடியதாகப் புகார் கொடுத்தார்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அடிவாரத்தில் ஓர் அலுவலகம். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. அவர் பெஞ்சில் பக்கவாட்டில் திரும்பி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இங்க பாருய்யா, என்னப் பார்த்துப் பேசு" என்று அதிகாரி அதட்டினார். அவர் திரும்பினார். ஒரு நிமிஷத்துக்குள் கழுத்து மறுபடியும் ஜன்னல் பக்கம் போய்விட்டது.

அடைத்த ஊற்றைப் பற்றியும் நீர் அழுத்தத்தைப் பற்றியும் நான் விளக்கினேன். அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். என் வரைபடம்.

"இது நீங்க போட்டதுதானேம்மா? இந்த எடம் என்ன நிறம்?"

"பச்சைங்க சார்."

"பச்சைன்னா?"

"சரிவு வர வாய்ப்புக் குறைவுன்னு... ஆனா சார், அந்த வெட்டு படத்துல—"

"அப்ப தானா சரியற எடம் இல்ல. வண்டிய வெச்சு நோண்டுனதாலதான் சரிஞ்சிருக்கு."

எழுதிக்கொண்டார். தலையை நிமிர்த்தாமலே, "ஊத்த அடைச்சது யாரு?" என்றார்.

"நானுங்க" என்றார் அவர்.

"யாரு சொல்லி அடைச்ச?"

வீட்டுக்காரர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லலீங்க. வெட்டுனது நான், அடைச்சதும் நான். எழுதிக்கோங்க."

வராந்தாவில் வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். "அண்ணா..." என்று கைகூப்பினார். "புள்ளைங்க பள்ளிக்கூடம் போவுதுங்களா?" என்று இவர் கேட்டார். அந்தம்மா தலையாட்டினார். "அது போதுமுங்க."

சுவரில் ஓட்டை போட்டிருக்காவிட்டால் அன்று மலை நின்றிருக்குமா? எனக்கு இன்றுவரை தெரியாது. ஓட்டையை இன்னும் முன்னாலேயே போட்டிருந்தால் தண்ணீர் வழிந்து அழுத்தம் குறைந்து தப்பியிருக்கலாம், அடி பலமிழந்து அதனாலேயே சரிந்திருக்கலாம், எப்படியும் அன்றைக்கு விழுந்திருக்கலாம். அவரிடமே கேட்டேன்.

"தெரியலீங்க. ஆனா தெரியாமயே உக்காந்திருக்க முடியலீங்க" என்றார். பிறகு சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "இன்னும் எடம் இருக்குதுங்க, இந்த மாதிரி ஊத்த அடைச்சது. எழுதிக்கறீங்களா?"

நின்றவாக்கில் எழுதினேன். ஒன்பது இடம். எந்த வருஷம், எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு, மேலே என்ன மரம் எல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னார். எனக்குக் கிடைத்த தரவுகளிலேயே சுத்தமான தரவு அதுதான்.

வண்டி ஓட்டும் உரிமம் போய், அவர் கீழே தன் ஊருக்கே திரும்பிவிட்டார். வழக்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மழைக்கு முன்னால் மலையேறி வருவார். நானும் போவேன். ஒவ்வொரு வீடாகப் போய், சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் வையுங்கள், மேலே வடிகால் வெட்டுங்கள் என்று கெஞ்சுவோம். சிலர் நாயை அவிழ்த்து விட்டார்கள். இரண்டு வருஷத்தில் எட்டுப் பேர் சம்மதித்தார்கள்.

ஒன்பதாவது, ஒரு தங்கும் விடுதி. மலையை வெட்டி அடுக்கடுக்காக அறைகள். சுவரில் ஓட்டை போட்டால் நீச்சல் குளத்துப் பக்கம் சேறு வரும் என்று மேனேஜர் மறுத்துவிட்டார். எழுதிக் கொடுத்தோம், பதில் இல்லை. மூன்றாவது தடவை போன அன்று அவர் என்னை விட்டுவிட்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நடந்தார். எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நடுவில் நின்று கைகூப்பினார்.

"சாமி, இந்த மலைய வெட்டுனவன் நான்தானுங்க. இதுக்கடியில தூங்காதீங்க. புள்ளைங்களக் கூட்டிட்டுக் கீழ போயிருங்க."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். ஒரு தாய் மட்டும் பாதித் தட்டோடு எழுந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெட்டி எடுக்கப் போனார். காவலாளிகள் ஜேசிபிக்காரரை இழுத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். கீழே விழுந்தவர் எழுந்து, ஷூ நாடாவைச் சரிசெய்துகொண்டார். "ஒருத்தரு போறாங்க பாருங்க" என்றார்.

அதற்கடுத்த மாசியில் அவர் இறந்துபோனார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே. அவர் மனைவி போன் செய்துதான் எனக்குத் தெரியும். வழக்கு அதோடு முடிந்துபோயிற்று.

நான் இப்போது அதே துறையில் பாடம் நடத்துகிறேன். வெட்டிய இடங்களை ஆள் நடந்து போய்ப் பார்த்து எழுதாமல் யாரும் வரைபடம் போடக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்கிறேன். விடுதியைப் பற்றி வருஷா வருஷம் எழுதிக் கொடுக்கிறேன். போன சனிக்கிழமை அங்கே போய், ரோட்டிலிருந்தபடியே அந்தத் தடுப்புச் சுவரைப் பார்த்தேன். சுவர் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை; அடைத்த தண்ணீர் எங்கேயும் வெளியே வரவில்லை. அதற்கு மேலே, புல்லுக்கு நடுவே, நீளவாக்கில் ஒரு வெடிப்புக் கோடு.

உள்ளே ஏழு கார்கள் நின்றன. ஒரு வேன் அப்போதுதான் வந்து திரும்பியது. குழந்தைகள் இறங்கி நீச்சல் குளத்தைப் பார்த்து ஓடினார்கள். தூறல் போட ஆரம்பித்தது.